நாற்பது நிமிட மருந்தும் கேட்கப்படாத கேள்வியும்

குழந்தை பிறந்து, தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட சிறிது நேரத்தில் தாயின் நரம்பு வழியாக ஒரு மருந்து டிரிப்ஸில் ஏற்றப்படுகிறது. நாற்பது நிமிடம், ஒரே ஒரு முறை. ஆறு வாரம் கழித்து அந்தத் தாய்மார்களைப் பரிசோதித்தால், மருந்து பெற்றவர்களில் 6.7 சதவீதம் பேர் மட்டுமே தீவிர மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார்கள். வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களில் அது 25.4 சதவீதம். பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் 2024 ஏப்ரலில் வெளியான சீன ஆய்வின் முடிவு இது. அந்த மருந்து எஸ்கெட்டமின். அரை நூற்றாண்டுக்கு மேலாக அறுவை அரங்குகளில் புழங்கிவரும் கெட்டமின் என்ற மயக்க மருந்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மயக்க மருந்து மனச்சோர்வைத் தடுக்கிறது என்பதே வியப்பான செய்தி என்பதால் உலகம் முழுவதும் ஊடகங்களின் கவனம் மருந்தின் மீதே விழுந்தது. ஆனால் அந்த ஆய்வில் டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. கர்ப்பகாலத்திலேயே அந்தப் பெண்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, யாருக்கெல்லாம் மனச்சோர்வின் அறிகுறி இருக்கிறது என்று கண்டறிந்து, அவர்களை மட்டும்தான் ஆய்வில் சேர்த்தார்கள். பேறுகால மனச்சோர்வு என்ற இந்த நோய்க்குக் கெட்டமின் உதவக்கூடும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றையே கூர்ந்து படித்தால், மருந்தைவிட அந்தக் கேள்விகள்தான் நமக்கு அவசரத் தேவை என்று தெரியும்.

முதலில் நோயைப் பற்றி. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணம் தெரியாமல் அழுகை வருவதும், சின்னச் சொல்லுக்கும் மனம் சுருங்குவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு நேர்வதுதான். தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். மனச்சோர்வு நோய் அப்படி அடங்குவதில்லை. எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வருவதில்லை. தான் நல்ல தாயில்லை என்ற குற்ற உணர்வு நாள் முழுக்க அரிக்கிறது. குழந்தையைத் தூக்கினாலும் மனம் ஒட்டுவதில்லை. சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. இதற்கும் அப்பால், ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் பேறுகால மனநோய் என்ற கடுமையான நிலை வருவதுண்டு. இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றுவது அதன் அடையாளம். அது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், தானாகச் சரியாகிவிடும் என்று பேசாமல் விடுவதும், பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கின்றன.

இது அரிதான நோயும் அல்ல, பணக்கார நாடுகளின் நோயும் அல்ல. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 தாய்மார்களின் விவரங்களை ஒன்று சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியானது. அதன்படி பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும், பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்திலும் சந்தித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், கை உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை அந்த நோயோடு சேர்ந்து வந்தன. அதே ஆண்டில் கோவாவிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு முக்கியமான செய்தியைச் சொன்னது. அங்கே 270 தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குப் பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரத்தில் மனச்சோர்வு இருந்தது. அப்படி இருந்தவர்களில் 78 சதவீதம் பேர் கர்ப்பமாக இருந்தபோதே மனநலப் பாதிப்போடு இருந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஆறாம் மாதத்திலும் நோயிலிருந்து மீளவில்லை. அதாவது, நோய் திடீரென்று வரவில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டுத்தான் வந்தது. வந்த பிறகு சீக்கிரம் போகவும் இல்லை.

இங்கேதான் வேகம் என்பது முக்கியமாகிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் நல்ல மருந்துகள். செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். ஆனால் இத்தகைய மாத்திரைகளின் பலன் முழுதாகத் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் மருந்து ஒத்துவராமல் அடுத்ததற்கு மாறினால் இன்னும் சில வாரங்கள். வேறு எந்த வயதிலும் ஒன்றரை மாதம் என்பது சிகிச்சையில் நீண்ட காலம் அல்ல. பிறந்த குழந்தையின் கணக்கில் அது மிகப் பெரிது. பாலூட்டல் நிலைபெறுவதும், குழந்தையின் எடை ஏறுவதும், முகம் பார்த்துச் சிரிப்பதும் அந்த வாரங்களில்தான். கோவா ஆய்வாளர்கள் அதே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மனச்சோர்வுற்ற தாய்மார்களின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் உயரத்திலும் பின்தங்கியிருப்பதைக் கண்டார்கள். ஆகவே சில மணி நேரத்தில் வேலை செய்யும் மருந்து என்ற பேச்சு வந்தால் மகப்பேறு மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கெட்டமின் 1962இல் அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 1970இல் அங்கே மயக்க மருந்தாக அனுமதி பெற்று, வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதாகத் தாழ்த்தாது என்பதால், பெரிய கருவிகள் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கும் ஏற்றது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு இது உதவலாம் என்ற முதல் தடயம் 2000இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து, ஏழே ஏழு நோயாளிகளை வைத்து நடந்த சிறிய ஆய்வில் கிடைத்தது. 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம், வேறு மருந்துகள் எடுபடாத 18 பேரிடம் சோதித்தது. மருந்து ஏறிய ஒரே நாளில் 71 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு வாரம் தாண்டியும் அந்தப் பலன் நீடித்தது 35 சதவீதம் பேருக்குத்தான். சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும் என்ற இந்த இயல்பை மறந்துவிட்டுக் கெட்டமினைப் பற்றிப் பேச முடியாது. 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எஸ்கெட்டமினை மூக்கில் அடிக்கும் மருந்தாக அனுமதித்தபோதும், மற்ற மருந்துகள் கைவிட்ட மனச்சோர்வுக்கே அனுமதித்தது. மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. பேறுகால மனச்சோர்வுக்கென்று அது இன்னும் அனுமதி பெறவில்லை.

மருந்து எப்படி வேலை செய்கிறது? வழக்கமான மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவைக் கூட்டுகின்றன. கெட்டமின் செல்வது வேறு பாதை. மூளையில் செய்தி கடத்தும் முக்கிய வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து இணையும் ஒருவகை ஏற்பிகளை அது சிறிது நேரம் அடைக்கிறது. அதன் தொடர்விளைவாக நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் புதிதாகத் துளிர்ப்பதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். நீண்ட மனஅழுத்தத்தில் இத்தகைய இணைப்புகள் மெலிந்துபோகின்றன என்பதால், அவை மீளத் தழைப்பதே வேகத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. பிள்ளை பெற்றவளின் உடலில் இன்னொன்றும் நடக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் கர்ப்பகாலம் முழுதும் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் சில நாட்களில் கிடுகிடுவென்று சரிகின்றன. புரொஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகி மூளையை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனலோன் என்ற பொருளும் அதோடு சரிகிறது. இந்தச் சரிவை எல்லாப் பெண்களும் கடக்கிறார்கள்; சிலரின் மூளைக்கு மட்டும் அது தாங்க முடியாததாகிறது. ஆகவே மன உறுதிக் குறைவு என்று இந்த நோயைச் சொல்வது அறியாமை.

இப்போது சான்றுக்கு வருவோம். சீனாவில் ஐந்து மருத்துவமனைகளில் 364 தாய்மார்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் எஸ்கெட்டமின். மயக்கமடையச் செய்யும் அளவில் இது ஒரு சிறு பகுதிதான். 42ஆம் நாள் நேர்காணலில் மருந்து பெற்ற 180 பேரில் 12 பேருக்கும், பெறாத 181 பேரில் 46 பேருக்கும் தீவிர மனச்சோர்வு இருந்தது. கணக்குப் போட்டால், ஐந்தாறு பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார். மருத்துவத்தில் இது மிக நல்ல விகிதம். ஆனால் கெட்டமின் ஆய்வுகள் எல்லாமே இப்படி முடியவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சிசேரியன் நடந்த பெண்களுக்கு, மனநிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் கெட்டமினை ஒரே தடவையாகச் செலுத்திப் பார்த்தார்கள், மனச்சோர்வு குறையவில்லை. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், 0.5 மில்லிகிராம் கொடுத்தபோது குறைந்தது. அளவு, ஏற்றும் வேகம், மருந்தின் வகை எல்லாமே ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் ஒன்றோடு ஒன்றை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இவற்றில் மிகத் தெளிவான பலன் தெரிந்த 2024 ஆய்வுதான், ஆபத்தில் இருக்கும் பெண்களை முதலில் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துவிட்டு மருந்தைக் கொடுத்தது.

அந்த ஆய்வு சொல்லாத விஷயங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது நோய் முற்றாமல் தடுப்பது பற்றிய ஆய்வு. மூன்று மாதக் குழந்தையோடு மனச்சோர்வில் தவிக்கும் தாய்க்கு இப்போது கெட்டமின் கொடுத்தால் குணமாகுமா என்ற கேள்விக்கு அது பதில் தரவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே மனநிலைக் கோளாறு இருந்தவர்களும், கர்ப்பகாலத்தில் கடும் சிக்கல்கள் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அதிக ஆபத்தில் இருப்பவர்களில் பலர் அவர்கள்தானே. பக்கவிளைவும் இருந்தது. தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல் போன்றவை மருந்து பெற்றவர்களில் 45.1 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் வந்தன. ஒரு நாளுக்குள் அவை தாமாகவே மறைந்தன. ஆனாலும் பிறந்த குழந்தையை முதன்முதலாக மார்போடு அணைக்கும் நேரத்தில் தலை சுற்றுவதும், சூழலிலிருந்து விலகிப்போனதுபோல் உணர்வதும் சின்ன விஷயமல்ல. அப்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். தாய்ப்பால் விஷயத்தில், நான்கே பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு, குழந்தையைச் சேரும் கெட்டமின் தாய் பெறும் அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்கிறது. எஸ்கெட்டமின் மூக்கு மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்போ, சிகிச்சைக் காலத்தில் பாலூட்டுவதைப் பரிந்துரைப்பதில்லை. நான்கு பேரிடம் கிடைத்த ஆறுதலை வைத்து லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு உறுதி சொல்ல முடியாது. பேறுகால மனநோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து பொருந்தாது. இருமுனைக் கோளாறு பலருக்கும் பிரசவத்தை ஒட்டித்தான் முதலில் வெளிப்படும் என்பதால், தேர்ந்த மனநல மருத்துவரின் கண் படாமல் இதைத் தொடங்கவே கூடாது.

இந்த மருந்தின் மீது விஞ்ஞானிகளே வைக்கும் ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. மருந்து ஆய்வில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது. கெட்டமின் ஏறினால் தலை மிதக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? நமக்கு நிஜ மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையே பாதி நோயைத் தீர்த்துவிடக்கூடும். இதைச் சோதிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மனச்சோர்வு உள்ள 40 பேர் வேறு அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்தபோது, பாதிப் பேருக்குக் கெட்டமினும் பாதிப் பேருக்கு உப்புநீரும் ஏற்றினார்கள். 2023இல் வெளியான முடிவில் இரு தரப்பாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். அப்படியானால் கெட்டமின் வெறும் நம்பிக்கைதானா? அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மயக்க மருந்துகளும் மூளையில் வேலை செய்பவை. அவை கெட்டமினின் தனிப் பலனை மறைத்திருக்கலாம். நாற்பது பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. பிரசவ அறையில் நாற்பது நிமிடம் உண்டான நம்பிக்கை மட்டுமே, தூக்கமற்ற ஆறு வாரங்களைத் தாண்டி, நோயை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது என்பதும் எளிதில் ஏற்கக்கூடியதல்ல. எனினும் இந்த ஆட்சேபம் ஒரு பாடத்தைத் தருகிறது. நம்மைக் கவனிக்கிறார்கள், கேட்கிறார்கள், ஏதோ செய்கிறார்கள் என்ற உணர்வுக்கு நோய் தீர்க்கும் வலிமை உண்டு. அந்த வலிமையைப் பயன்படுத்தக் கெட்டமின் தேவையில்லை.

இன்னொரு ஆட்சேபம் சமூக அக்கறை உள்ளவர்களிடமிருந்து வருகிறது. பெண் குழந்தை பிறந்ததற்காக முகம் சுளிக்கும் வீடு, அடிக்கும் கணவன், கடன், உதவிக்கு ஆளில்லாத தனிமை ஆகியவை நோய்க்குக் காரணமாக இருக்கும்போது, மூளைக்கு மருந்து ஏற்றுவது குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவளைத் திருத்துவது ஆகாதா? வேலூர், கோவா ஆய்வுகளை நினைத்தால் இதை ஒதுக்கிவிட முடியாது. கோவாவிலும் வறுமையும் கணவனின் வன்முறையும் பெண் குழந்தையும் நோயோடு சேர்ந்தே வந்தன. ஆனால் காரணம் வெளியில் இருப்பதால் நோய் உடலில் இல்லை என்றாகாது. அசுத்தமான தண்ணீரால் காலரா வந்தவருக்கும் முதலில் உப்புக்கரைசல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். குழாயைச் சரிசெய்வது அடுத்து நடக்க வேண்டிய, விட்டுவிடக்கூடாத வேலை. எழுந்து உட்காரவே தெம்பில்லாதவளால் வீட்டாரிடம் உரிமை பேச முடியாது. சாவைப் பற்றி யோசிப்பவளுக்குச் சமூகம் திருந்தும்வரை காத்திரு என்று சொல்லவும் கூடாது. ஆட்சேபத்தின் நியாயமான பகுதி இது: மருந்து கொடுத்தாகிவிட்டது, இனி அவள் பாடு என்று வீடும் அரசும் கைகழுவக்கூடாது.

மருந்தில்லாத சிகிச்சைக்கும் உறுதியான சான்று இருக்கிறது, அதுவும் நம் அண்டை நாட்டிலிருந்தே. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வோடு இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்குச் சாதாரண சுகாதாரப் பணியாளர்களே சென்று, எளிய முறையில் மனப்பயிற்சியும் பேச்சும் அளித்தார்கள். மனநல மருத்துவர் யாரும் வீடு தேடிப் போகவில்லை. 2008இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தப் பேச்சைப் பெற்ற 418 பேரில் 23 சதவீதத்தினருக்கே தீவிர மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்த 400 பேரில் 53 சதவீதத்தினருக்கு இருந்தது. இந்த முறையை உலக சுகாதார நிறுவனமே பின்னர் கையேடாக வெளியிட்டது. இங்கேயும் முதல் படி அதேதான்: கர்ப்பகாலத்திலேயே கேட்டுக் கண்டுபிடிப்பது. ஒன்று நவீன மருத்துவமனையில் ஏற்றும் மருந்து, மற்றொன்று கிராமத்து வாசலில் நடக்கும் பேச்சு. எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டு சிகிச்சைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் தாயை எட்டின.

அந்த வாசல் இல்லாமல் புதிய மருந்துகளை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். பேறுகால மனச்சோர்வுக்கென்றே உருவான முதல் மருந்தான பிரெக்ஸனலோன் 2019இல் அங்கே அனுமதி பெற்றது. மருத்துவமனையில் தொடர்ந்து 60 மணி நேரம் ஏற்ற வேண்டும். மருந்தின் விலை மட்டும் ஏறத்தாழ 34,000 டாலர். பலன் இருந்தும் பரவலாகச் சென்றுசேராத அந்த மருந்தை நிறுவனமே 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்ற ஸுரனலோன் என்ற மாத்திரை 14 நாள் சாப்பிட்டால் போதும்; அறிமுகமானபோது அதன் பட்டியல் விலை 15,900 டாலர். கெட்டமின் இவற்றைப் போலல்ல. காப்புரிமை தீர்ந்துபோன மலிவான மருந்து. அந்த மலிவே இன்னொரு ஆபத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தனியார் கெட்டமின் கிளினிக்குகள் பெருகின. இணையவழி ஆலோசனையோடு வீட்டுக்கே அனுப்பும் வணிகமும் வளர்ந்தது. மருந்தகங்களில் கலந்து தயாரிக்கப்படும் கெட்டமின் எந்த மனநோய்க்கும் அனுமதிக்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 அக்டோபரில் எச்சரித்தது. அதே மாத இறுதியில் நடிகர் மேத்யூ பெர்ரி கெட்டமினின் கடும் விளைவால் இறந்தார். போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப்போவதும் நன்கு அறியப்பட்டது. இந்தியாவில் கெட்டமின் 2011 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், 2013 முதல் மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளரக்கூடாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தபாலில் வரவேண்டிய பொருள் அல்ல இது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன? இங்கே 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து பிக்மி எண் தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார். 18,000 ரூபாய் மதிப்பிலான முத்துலெட்சுமி மகப்பேறு உதவித் திட்டமும் இந்தப் பதிவோடு பின்னப்பட்டிருக்கிறது. இரத்த அளவு, சர்க்கரை, அழுத்தம், எடை எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. மனம் எப்படி இருக்கிறது என்பதும் அதே அட்டையில் ஏறுவதற்குப் புதிதாக ஒரு கட்டமைப்பு வேண்டியதில்லை. சீன ஆய்வில் பயன்பட்ட எடின்பரோ கேள்வித்தாள் 1987இல் உருவானது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. வேலூர் ஆய்வாளர்கள் அதன் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து வெளியிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. பத்துக்கு நேரமில்லை என்றால், பிரிட்டனில் வழக்கத்தில் இருப்பதுபோல இரண்டு கேள்விகளில் தொடங்கலாம்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததுண்டா? எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதுண்டா?

கேட்பது சரி, கேட்ட பிறகு அனுப்ப ஆள் எங்கே என்று மருத்துவர்கள் கேட்பார்கள். மனநல மருத்துவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் மனநல மருத்துவர் தேவைப்படுவதில்லை என்பதைத்தான் ராவல்பிண்டி காட்டியது. லேசான நிலையில் பயிற்சி பெற்ற செவிலியரின் தொடர்ந்த பேச்சும், வீட்டாரை அழைத்துப் பேசுவதும் போதும். நடுத்தர நிலையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே மாத்திரை தொடங்கலாம். தற்கொலை எண்ணமோ மனநோய் அறிகுறியோ உள்ளவர்கள் மாவட்ட மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். மற்றவை பலிக்காத கடும் நோயாளிக்கும், கர்ப்பத்திலேயே அறிகுறி தெரிந்தவருக்கும் கெட்டமின் வகை மருந்துகள் பயன்படுமா என்பதை, மயக்க மருந்து நிபுணரும் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவக் கல்லூரிகள் முறையான ஆய்வாக நடத்திப் பார்க்கலாம். சீன மருத்துவமனைகளில் கிடைத்த பலன் இங்கேயும் கிடைக்குமா என்பது நம் தாய்மார்களிடம் நடக்கும் ஆய்வில்தான் தெரியும். அதுவரை கெட்டமின் நம்பிக்கை தரும் ஒரு மருந்து; வழக்கமான சிகிச்சை ஆகிவிடவில்லை.

ஆறு வாரம் என்பது அந்த ஆய்வின் அளவுகோல் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் குழந்தைக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போடத் தாய் வந்து நிற்கும் நாளும் அதுதான். அன்று குழந்தையின் எடையைப் பார்ப்பவர்கள் தாயிடமும் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்; கர்ப்பகாலப் பரிசோதனையிலும் ஒருமுறை கேட்க வேண்டும். மருந்தாராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல இது. உங்கள் வீட்டில் உள்ள, பிள்ளை பெற்ற பெண் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டோ, பேச்சற்றோ, தூக்கமற்றோ இருந்தால் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநலச் சேவையை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.